கவிழ்த்துப் பார்

வாண்டு அழுதான், கண்ணீர் மட்டும் கீழே இறங்கவில்லை.

கண்ணுக்கடியில் கோந்துச் சொட்டு மாதிரி நின்றது. அம்மா விரலால் துடைத்தாள். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. வேறு யாராவதாக இருந்தால் காய்ச்சலில் பூளை கட்டியிருக்கிறது என்று விட்டிருப்பார்கள். இவளுக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவள் செய்வதே அதுதான். புரதத்தின் குட்டித் துண்டுகள், பெப்டைடு என்பார்கள். வெறும் தண்ணீரில் தேமே என்று கிடக்கும். உப்பும் உடம்புச் சூடும் பட்டால் போதும், யாரும் சொல்லாமலே ஒன்றையொன்று தேடிப் பிடித்துக் கெட்டியாகிவிடும். கெட்டியானதா என்று பார்க்கக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். வழியவில்லை என்றால் வேலை முடிந்தது. வாண்டுவுக்கு அது ஒரு விளையாட்டு. வீட்டில் எதைப் பார்த்தாலும் "அம்மா, கவுத்துப் பாக்கலாமா?" என்பான்.

போன வாரம் அவன் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது, காயம் மூடுவதற்கென்று அந்தத் துண்டுகளை வைத்து அவள் செய்த, எலிக்குக்கூட இன்னும் போட்டுப் பார்க்காத மருந்தை ஒரு சொட்டு தடவிவிட்டாள். தன் கைச்சரக்கு என்ற திமிர், வேறென்ன. காயம் மறுநாளே காணோம். அப்புறம் காய்ச்சல் வந்தது. அப்புறம் விரல் மடங்கவில்லை. டாக்டர்கள் இப்படி ஒரு காய்ச்சலைப் பார்த்ததே இல்லை என்று தலையைச் சொறிந்து, இருவரையும் இந்தத் தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

ஜன்னல் திறக்காது. மருந்து நெடி, ஏசியின் ஒரே மாதிரியான முனகல், நடையில் கிறீச்சிட்டு நெருங்கி வந்து வாசலில் நிற்காமலே போய்விடும் தள்ளுவண்டிச் சக்கரங்கள், இவற்றுக்கு நடுவே மதியம் முழுக்க அவன் வியர்த்த கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, சொன்னால் வேலை போகும், ஜெயிலுக்கே போக வேண்டியிருக்கும் என்று மென்று முழுங்கினாள். நடுநடுவே அவன் கன்னத்தில், கண்ணில் முத்தம் கொடுத்தாள்.

"அம்மா, நாக்கு தடிக்குது."

"தூங்குடா தங்கம். நான் இருக்கேன்ல."

போகட்டும் வேலை. இவனை விடவா? டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவு செய்தாள்.

கதவு திறந்தது. டாக்டரும் நர்ஸும் உள்ளே வந்தார்கள்.

"உடம்புல தண்ணியே இல்லம்மா. சலைன் ஏத்திடலாம், பையன் தெளிஞ்சிருவான்."

சலைன். உப்புத் தண்ணீர். நேரே ரத்தத்தில்.

வேண்டாம் என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. வாய் திறக்கவில்லை. பல்லுக்கும் நாக்குக்கும் நடுவே எச்சில் இறுகிக் கிடந்தது. ஐயோ, அத்தனை முத்தம்! சலைன் பையைத் தட்டிவிடக் கையை இழுத்தாள். கை அவன் கையோடு ஒட்டியிருந்தது. இன்னொரு கை மடியில் கிடந்தது. மரக்கட்டை.

"வீட்ல வேற மருந்து ஏதாவது போட்டீங்களாம்மா?"

தலையை மட்டும் அசைக்க முடிந்தது. வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

"ஒண்ணும் போடலையாம். நீங்க ஏத்துங்க சிஸ்டர்."

ஊசி இறங்கியது. முதல் சொட்டு. அடுத்தது.

வாண்டு அவளையே பார்த்தான். அவள் கண்ணுக்கடியில் இறங்காமல் நின்றதைப் பார்த்தான்.

"அம்மா... என்னைக் கவுத்துப் பாரேன்."

மூன்றாவது சொட்டு பாதியில் நின்றது. நர்ஸ் குழாயைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள்.

விழவில்லை.