நொயெமியின் கறுப்புப் புள்ளிகள்

இறந்துபோன அனிசேத்தோவின் பெயருக்குக் கீழே, வெறும் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி கிடந்தது.

நெலிதா கணினித் திரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தூசி இல்லை. லா பாஸ் நகரக் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே, கல்லறைக் கல்லில் பெயர் பொறிக்கும் அந்தக் கடையில் ஆறு வருடமாக இதே வேலைதான் அவளுக்கு. குடும்பத்தார் அனுப்பும் கோட்டுப் படத்தைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிப் படமாக மாற்றுவாள். கறுப்பு உள்ள இடத்தை லேசர் கல்லில் சுடும், வெள்ளையை விட்டுவிடும். நடுவே சாம்பல் நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"நெலிதா, இன்னுமா முடியல?" வாசலில் இருந்து முதலாளி செவேரோ கத்தினார். "பன்னெண்டு அடிச்சா செத்தவங்க எல்லாம் இறங்கி வந்துடுவாங்க. பேரில்லாத கல்லைப் பாத்துட்டு அந்த மனுஷன் வேற எவன் வீட்டுலயாவது போய்ச் சாப்பிட உக்காந்துட்டா, அவர் பொண்டாட்டி என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவா!"

நவம்பர் முதல் தேதி, செத்தவர்கள் நண்பகலில் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாள். மணி பதினொன்றரை. திரைச்சீலைக்குப் பின்னால், அடுக்களையில், அவள் மகள் நொயெமி செத்தவர்களுக்குப் படைக்கும் ரொட்டிப் பொம்மைகளில் கடைசித் தட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சோம்பு வாசமும், மாவு மேசையில் விழும் தொப், தொப் சத்தமும் சீலையைத் தாண்டி வந்தன.

நெலிதா புள்ளியை அழித்து மறுபடி மாற்றினாள். இப்போது நாற்பது புள்ளிகள். மறுபடி. ஒரு புருவம், அதன் நடுவே ஒரு வெட்டுத் தழும்பு.

அது நொயெமியின் புருவம்.

அட, என் புத்தியே! போன வாரம் லேசரைச் சரிபார்க்க மகளின் முகத்தைத்தான் இதே கோப்பில் வரைந்தாள். பிறகு மறைத்து வைத்தாளே தவிர அழிக்கவில்லை. மாற்றும்போது எல்லா அடுக்கும் ஒன்றாகப் படிந்துவிட்டது. ஆனாலும் உயிரோடு இருப்பவள் முகம் செத்தவன் கல்லிலா? அதற்குள் முழு முகமும் திரையில் வந்துவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டு முதலில் இடது கண்ணை அழித்தாள்.

"அம்மா! இடது கண்ணு தெரியலம்மா!"

"மாவு பட்டிருக்கும்டி. கழுவு."

"கழுவிட்டேன். கண்ணே இல்லம்மா. தடவிப் பாத்தா வழவழன்னு இருக்கு."

தொப், தொப் நின்றுபோனது.

நெலிதா எழுந்து ஓடத்தான் பார்த்தாள். ஆனால் திரையில் வலது கண்ணும் ஓரத்திலிருந்து உதிர ஆரம்பித்திருந்தது. போனதைத் திரும்பக் கொண்டுவரும் விசையைத் தட்டினாள். வரவில்லை. புள்ளியானது மறுபடி கோடாகாது; அது அவளுக்குத் தெரிந்ததுதான். சுட்டியைப் பிடித்து ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். இமை. விழி. மாதாவே, என் ஒரே பிள்ளை. என்னை எடுத்துக்கோ, அவளை விட்டுடு.

"ஏதோ தெரியுதும்மா." நொயெமியின் குரல் அழுகையிலிருந்து தேறியது. "வெளிச்சம் மாதிரி."

இன்னும் இருபது புள்ளி. பத்து.

"இது யாரு? கெழவன் கல்லுல பொம்பளப் புள்ள மூஞ்சியா?" செவேரோ தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பைத்தியமா உனக்கு? தள்ளு!"

"வேண்டாம் முதலாளி! உங்க காலைப் பிடிக்கிறேன், அது என் புள்ள..."

அவர் முகம் முழுவதையும் சுற்றி வளைத்து ஒரே ஒரு விசையைத் தட்டினார்.

வெள்ளை.

சுத்தமான வெள்ளை.

கல்லறைக் கோயிலில் பன்னிரண்டு அடித்தது. நெலிதா போய்ச் சீலையை விலக்கினாள்.

நொயெமி மேசை முன் நின்றிருந்தாள். நெற்றி முதல் முகவாய் வரை மழமழவென்று வெறும் தோல். கையில், ரொட்டிப் பொம்மைக்கு ஒட்டும் கட்டைவிரல் அளவு களிமண் முகம். சிவந்த கன்னம், சிரித்த வாய். அதை அந்தத் தோலின் நடுவே வைத்து, மாவில் பதிப்பதுபோல் மெதுவாக அழுத்தினாள்.

அது ஒட்டிக்கொண்டது. பிறகு அதன் சின்னக் கண்கள் திரும்பி அம்மாவைத் தேடின.