காதுக்குப் பின்னால் ஒரு மணி

"தவறு" என்றது சோதனைப்பெட்டி, மறுபடியும்.

அல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் காதுக்குப் பின்னால் மொழிமணி பொருத்தியாகிவிட்டது. கடுகளவு மணிதான், சொல், பொருள், இலக்கணம் எல்லாம் ஒரே மதியத்தில் மூளைக்குள் இறங்கிவிடும். பள்ளிகளில் கதை என்ற பேச்சே இல்லை. அல்லி மட்டும் தன் மகள் பூவிழியை வீட்டிலேயே வைத்து, கதைப் புத்தகங்களைக் கொண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தாள். அதனால்தான் தேர்வு அதிகாரி சேந்தன் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

கேள்வி இதுதான்: மழையில் நனைந்து வந்த மகனிடம், 'இன்னும் கொஞ்சம் நனைஞ்சுட்டு வாயேன்' என்கிறாள் தாய். அவள் சொல்வது என்ன?

"திட்டறாங்க. காய்ச்சல் வந்துடுமேன்னு பயம்" என்றாள் பூவிழி.

"தவறு. மேலும் நனையச் சொல்கிறாள்" என்றது பெட்டி.

"ஏன் சார், உங்கம்மா உங்களை இப்படித் திட்டினதே இல்லையா?" என்றாள் அல்லி.

"சொல்லியிருக்கிறார்கள். திரும்பப் போய் நனைந்தேன்" என்றார் சேந்தன். அவரும் சிறுவயதிலேயே மணி பொருத்திக்கொண்டவர்; அப்படிப்பட்டவர்கள் எல்லாருக்கும் அதே அச்சடித்த தமிழ்தான். "காய்ச்சல் வந்தது."

அல்லி தலையில் கைவைத்துக்கொண்டாள். சேந்தன் மட்டும் பூவிழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, என் மனைவி ஒரு வாரம் படுத்தே கிடந்தாள். என்ன என்று கேட்டேன். 'ஒண்ணுமில்லை, நீங்க உங்க வேலையைப் பாருங்க' என்றாள். வேலையைப் பார்த்தேன். நேற்று அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்."

"ஐயோ அங்கிள்! கதையில ஒண்ணுமில்லைன்னு சொல்றவங்களுக்குத்தான் எல்லாமே இருக்கும். இன்னொரு தடவை கேக்க மாட்டாங்களான்னு காத்துட்டு இருப்பாங்க. பக்கத்துல போய் உக்காந்திருக்கணும் நீங்க."

சேந்தனின் முகம் மெல்ல மாறியது. பிறகு எழுந்தவர், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பெட்டி மேசையிலேயே கிடந்தது.

"தேர்வு முடிந்தது. சிறுமி தோல்வி" என்றது அது. "மொழிமணி பொருத்தத் தாய்க்குச் சம்மதமா?"

காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அல்லிக்குப் பீறிட்டது. "ஓ, தாராளமா! ஒண்ணு எதுக்கு? ரெண்டு காதுலயும் வை! எனக்கும் சேர்த்து வை!"

"பதிவு செய்யப்பட்டது. மூன்று மணிகள். பொருத்துநர் புறப்பட்டுவிட்டார்."

அல்லி மறுபடி வாயைத் திறந்தாள். பூவிழி பாய்ந்து வந்து அதைப் பொத்தினாள்.