சிவப்பு ஜெர்சியில் ஒரு லண்டன்காரன்

வேல்ஸ் கிராமத்து ரக்பி கிளப்பின் பின்புறம், ஓடைக்கரையில், கிறிஸ்பின் குப்புறக் கிடந்தான்.

பின்மண்டையில் ரத்தம். உடம்பில் வேல்ஸ் அணியின் சிவப்பு ஜெர்சி!

லண்டன்காரனுக்கு எதற்கு அந்தச் சிவப்பு?

அன்று இரவே இன்ஸ்பெக்டர் நெரிஸ், தன் பள்ளித்தோழன் கெத்தினின் கதவைத் தட்டினாள். கையில் டீக்கோப்பையோடு திறந்தான்.

"கிறிஸ்பின யாரோ அடிச்சுப் போட்டிருக்காங்க."

"செத்துட்டானா?"

"இல்ல, ஆஸ்பத்திரியில இருக்கான். உனக்கு அவன கண்டாலே ஆகாதாமே?"

"இங்கிலாந்துக்காரன யாருக்குப் பிடிக்கும்? நம்ம சுரங்கத்த மூடினாங்க. அணை கட்டி ஊர மூழ்கடிச்சுத் தண்ணி கொண்டுபோனாங்க. திருப்பிக் கொடுக்க நமக்குக் கெடைக்கிறது வருஷத்துல ஒரு மேட்ச்."

"நான் அரசியல் கேக்கல. உன் பொண்டாட்டியப் பத்திக் கேக்கறேன்."

கெத்தின் டீயை ஒரு மடக்கு குடித்தான்.

மனைவி எலெரி கிறிஸ்பினுக்கு வெல்ஷ் மொழி கற்றுக்கொடுக்கிறாளாம்! அவன் உளறலுக்கு அவள் சிரிப்பது தெருமுனை வரை கேட்கும். கெத்தினிடம் அவள் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது. இன்று அந்த லண்டன்காரன் கிளப்புக்கு மாட்டிக்கொண்டு வந்தது யாருடைய ஜெர்சி? கெத்தின் விளையாடிய காலத்தில் போட்டது... எலெரியே எடுத்துக் கொடுத்தது!

"நான் கிளப்லதான் டிவி பாத்துட்டிருந்தேன், நெரிஸ். கடைசிப் பெனால்ட்டில இங்கிலாந்த சாய்ச்சோமே... அதப் பாத்துட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டேன்."

"நேரா வீட்டுக்கு?"

"ஆமா. டீ போட்டேன்."

நெரிஸ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இங்கிலாந்த ஜெயிச்சிருக்கோம். பாதிரியார் பார் மேசை மேல ஏறிப் பாடிட்டிருக்கார். ஊர்ல ஒரு ஆம்பளகூட இன்னும் வீடு திரும்பல. நீ மட்டும் டீ குடிக்கிற... அந்தக் கடைசிப் பெனால்ட்டிய ரேடியோவுல கேட்டியா?"

கெத்தின் கோப்பையைக் கீழே வைத்தான்.

"என் ஜெர்சிய... அவன் போட்டிருந்தான், நெரிஸ்."

"அது வழியனுப்புற பரிசுப்பா. அவன் வீட்ட வித்துட்டான். நாளைக்குக் காலையில லண்டன் போறதா இருந்தான்."

"போறானா..?"

"போறதா இருந்தான். இப்ப டாக்டர் ரெண்டு மாசம் அசையக்கூடாதுன்னுட்டார். எலெரிதான் பக்கத்துல உக்காந்து சூப் ஊட்டிட்டிருக்கா."

கெத்தின் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

அவன் கையில் விலங்கை மாட்டியபடியே நெரிஸ் சொன்னாள்.

"எந்திரி. நம்ம வேல்ஸ் ஜெயிலெல்லாம் நிரம்பிக் கெடக்கு... உன்னை இங்கிலாந்துக்குத்தான் அனுப்புவாங்க!"