மூச்சில் ஓடும் எஞ்சின்

காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பட்டறையில் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்கப் போனபோதுதான் அவர் பார்த்தார்: மேசைமேல் அவர் செய்த குட்டி எஞ்சினின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வேகமாக அல்ல. ஒரு சுற்று, ஒரு சின்ன நிறுத்தம், அப்புறம் அடுத்த சுற்று. அதற்குக் காற்று கொடுக்கிற ரப்பர் குழாயோ எஞ்சினில் இல்லவே இல்லை. முந்தின நாள் அவரே அதைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தார். இப்போதும் அது ஆணியில்தான் தொங்கியது.

'காத்தா இருக்கும்' என்று சொல்லிக்கொண்டார். ஜன்னல் சாத்தியிருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டதும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பதினொரு மாதமாகச் சரியாகத் தூங்காத மனிதருக்கு ஆச்சரியப்படக்கூடத் தெம்பு வேண்டுமே.

பட்டறை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. மாடிப்படிக்கு அடியில் பழைய பெட்டிகள் கிடந்த அறையைக் காலி செய்து, கடைசலுக்கு ஒரு சின்ன லேத், இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், அரங்கள் மாட்டிய பலகை, இவ்வளவுதான். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னமும் லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். முப்பத்தோரு வருஷம் ஊராரை ஏற்றி இறக்கியவர், தன் வீட்டு மாடியில் படுத்திருந்த மனைவியைக் கீழே இறக்க வழியில்லாமல் ஒரு நாளைக்கு முப்பது தடவை படி ஏறிக்கொண்டிருந்தார். அவளுக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிற நோய். அவள் மூச்சின் கரகரப்பு பட்டறைக் கூரை வழியாக ராப்பகலாகக் கேட்கும். ஓடுகிற மின்விசிறிச் சத்தம் போல அது அவர் காதோடு பழகிவிட்டது.

அந்த ஒரு சாண் எஞ்சினை அவர் செய்ய ஆரம்பித்ததே அந்தச் சத்தத்துக்கு நடுவில் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்றுதான். பழைய கப்பல்களில் இருந்த நீராவி எஞ்சினின் மாதிரி. இந்த வகையில் சிலிண்டர் அசையாமல் நிற்காது. பிஸ்டன் போய்வரப் போய்வர, அதுவும் இப்படியும் அப்படியும் தலையை ஆட்டும். மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்களை மாதிரியேதான். எதுக்கெடுத்தாலும் தலையாட்டுது."

இப்படிப்பட்ட எஞ்சினைச் செய்கிறவர்கள் பாய்லரில் தீ மூட்டுவதற்கு முன்னால் வாயால் ஊதிப் பார்ப்பார்கள். மூச்சுக்கே ஓடினால் வேலை சுத்தம் என்று அர்த்தம். அவர் ஊதிப் பார்த்தார், ஓடியது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாரம் இரண்டு தடவை வருகிற நர்ஸம்மா, நுரையீரலுக்குப் பயிற்சியாக, தண்ணீர் பாட்டிலில் குழாய் விட்டுக் குமிழி வரும்படி ஊதச் சொல்லியிருந்தாள். மனைவிக்கு அதைக் கண்டாலே வெறுப்பு. "நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர் பாட்டிலைத் தூக்கி வைத்துவிட்டுக் குழாயை எஞ்சினில் மாட்டிக் கொடுத்தார். அவள் ஊதினாள். சக்கரம் திரும்பியது. அவள் சிரித்தே விட்டாள். எத்தனை மாதம் கழித்து! பத்து நாளாக, தினமும் இருபது தடவை, சொல்லாமலே ஊதினாள்.

தேநீரோடு மாடிக்குப் போனார். தைலமும் மருந்தும் சேர்ந்த அந்த மூடிய அறை வாசனையில் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு வராது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பழக்கத்தில் எண்ணினார். நிமிஷத்துக்கு இருபத்திரண்டு. ஏற்றம், இறக்கம், ஒரு சின்ன நிறுத்தம். அந்த நிறுத்தத்தை அன்று காலையில் வேறெங்கோ பார்த்தோமே என்று தோன்றியதும் தேநீரை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினார்.

கீழே வந்து கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை எண்ணினார். இருபத்திரண்டு. இவ்வளவு மெதுவாக எந்தக் குட்டி எஞ்சினும் ஓடாது, பாதியிலேயே நின்றுவிடும். இது நிற்கவில்லை. சிலிண்டர் பொறுமையாகத் தலையை ஆட்ட, அதன் ஓட்டையிலிருந்து மெல்லிய ஸ்... ஸ்... வந்தது. விரலை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்தார். தைல வாசனை.

சுற்றுகிற எதையும் கையால் நிறுத்திப் பார்ப்பது தொழில் பழக்கம். யோசிக்காமல் சக்கரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அது நின்றது.

மேலே கரகரப்பும் நின்றது.

மின்விசிறி நின்றால்தான் அது ஓடியதே தெரியும் இல்லையா, அப்படித் தெரிந்தது அந்த அமைதி. ஒரு கணம் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் தீயைத் தொட்டவர் போலக் கையை எடுத்தார். சக்கரம் தயங்கி, நடுங்கி, திரும்பியது. மேலே பெரிதாக ஒரு இருமல் வெடித்தது. படிகளை எப்படி ஏறினார் என்று தெரியாது.

"என்னங்க..." அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "யாரோ மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்துன மாதிரி இருந்துச்சு."

"கனவும்மா. தண்ணி குடி."

அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு அவருடைய கட்டைவிரலையே பார்த்தாள். அதில் சக்கரத்தின் எண்ணெய்க்கோடு பதிந்திருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலைதான். சக்கரம் நிற்கக்கூடாது. மணிக்கொரு தடவை எண்ணெய் விட்டார். தூசி விழாமல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்தார். பூனை வந்துவிடுமோ என்று ஜன்னலில் பலகை அடித்தார். அந்தத் தெருவில் பூனையே கிடையாது. சிலிண்டரைத் தாங்குகிற முளையாணியில் தேய்மானம் தெரிந்தது. மாற்ற வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும். நிறுத்துவதாவது! நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கண் சொருகும். தலை சரியும். திடுக்கிட்டு விழித்துச் சக்கரத்தைப் பார்ப்பார். சுற்றும். மறுபடியும் கண் சொருகும். யாரிடம் சொல்வது? வெளியூரில் இருக்கிற மகளிடம் சொன்னால், அடுத்த வண்டியிலேயே வந்து அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போவாள். சக்கரத்தை யார் பார்த்துக்கொள்வது?

மூன்றாம் நாள் நர்ஸம்மா வந்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், நான் மறைச்சுப் பேச விரும்பல. ரெண்டு பக்கமும் காத்து போற சத்தமே கேக்கல. அவங்க எப்படிப் பேசறாங்கன்னே எனக்குப் புரியல. பொண்ணை வரச் சொல்லிடுங்க."

"சரிம்மா."

"நீங்க எப்ப தூங்கினீங்க? முகத்தைப் பாருங்க. அவங்களுக்கு முன்னாடி நீங்க போயிடுவீங்க போலருக்கு."

அவர் தலையை ஆட்டினார்.

அன்று மாலை சக்கரம் தளர்ந்தது. இருபது. பதினாறு. பன்னிரண்டு. எண்ணெய் விட்டும் பயனில்லை. மேலே கரகரப்பு இழுத்து இழுத்து வந்தது. அவர் அலமாரியிலிருந்த செப்புப் பாய்லரை இறக்கினார். ஒரு டம்ளர் தண்ணீர்தான் கொள்ளும். எட்டு மாத வேலை. அதற்கு முதல் தீ மூட்டுகிற நாளில் மகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நிற்பார்கள் என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தார். இப்போது தனியாக, தண்ணீர் ஊற்றி, அதன் நீராவிக் குழாயை எஞ்சினில் மாட்டி, ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தார். பாய்லர் முனகியது. அழுத்தமானியின் முள் மெல்ல எழுந்தது. வால்வை மயிரிழை அளவு திறந்தார்.

சக்கரம் நிமிர்ந்து ஓடியது. முப்பது. கணக்காக, ஒரு சொட்டுத் தடுமாற்றம் இல்லாமல்.

"என்னங்க!" மேலிருந்து குரல். பழைய குரல். "பசிக்குது!"

அவர் போய்ப் பார்த்தபோது அவள் கன்னம் சிவந்திருந்தது. தலையணையில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார், வெட்கமே படாமல். அவள் பேசினாள். நிறையப் பேசினாள். ஆனால் மூச்சு வாங்குகிற இடத்தில் நிறுத்தவில்லை. சொல்லின் நடுவில், எழுத்தின் நடுவில், கீழே சக்கரம் திரும்புகிற இடங்களில் எல்லாம் குரல் வெட்டுப்பட்டது.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கைப்பம்பால் பாய்லருக்குத் தண்ணீர். அரை மணிக்கு ஒரு தடவை விளக்குக்கு ஸ்பிரிட். நடுவில் மாடி. அவள் தூங்கவில்லை, அவரும் தூங்கவில்லை. விடிந்தது. வெயில் ஏறியது. அவர் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல எரிந்தது. தன் கை எது, பம்பின் பிடி எது என்று அவருக்கு அடிக்கடி குழம்பியது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவருக்குத் தோன்றியது: ஸ்பிரிட் தீர்ந்துபோனால் நன்றாயிருக்கும். தோன்றியதும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார்.

மதியம் மூன்று மணிக்கு மாடிக்குப் போனபோது தைல வாசனை போய்விட்டிருந்தது. சூடான எண்ணெய் வாசனை அடித்தது. அவள் உதடுகள் வெந்திருந்தன. வாய் திறந்தபோது வெள்ளையாக ஆவி வந்தது.

"சுடு...து," என்றாள்.

"தண்ணி தரட்டுமாம்மா?"

"உள்ள... சுடுது. அணைச்...சுடுங்க."

அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். பிறகு, "அணைச்சா என்ன ஆகும்னு தெரியுமா?" என்றார்.

"தெரி...யும். அன்னைக்கே... உங்க விரலைப் பார்த்...தப்பவே தெரியும்." அவர் கையைத் தேடிப் பிடித்தாள். உள்ளங்கை பாய்லர் மாதிரி கொதித்தது. "போது...ங்க. நீங்களும்... தூங்கணும்...ல்ல."

அவர் கீழே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். தூக்கத்துக்காகவும்தான் என்று உள்ளே ஏதோ ஒன்று முணுமுணுத்தது. இரண்டில் எது உண்மை என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. வால்வை மூடினார். குனிந்து, விளக்கை ஊதி அணைத்தார்.

சக்கரம் பத்து சுற்று ஓடியது. ஐந்து. ஒன்று. நின்றது.

மேலே சத்தமில்லை.

பலகைச் சந்து வழியாக வந்த வெயில் பித்தளைத் தூள்மேல் விழுந்து மின்னியது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. கொட்டாவி. வாய் பிளந்து, தாடை வலிக்க, அடக்க முடியாத பெரிய கொட்டாவி. அதற்காக அவர் தன்னை வெறுத்தார்.

அப்போது சக்கரம் அசைந்தது.

எதிர்ப்பக்கம்.

இந்த எஞ்சினை ஊதினால் ஒரு பக்கம் சுற்றும். அதே குழாயில் வாய் வைத்து உறிஞ்சினால் மறுபக்கம் சுற்றும். செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு சுற்று. இரண்டு. நிறுத்தமே இல்லை. மூன்று, நான்கு, ஐந்து.

மேலே ஒரு மூச்சு உள்ளே போகிற சத்தம். நீளமாக. இன்னும் நீளமாக. அது வெளியே வரும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

அணைத்த திரியிலிருந்து எழுந்த புகைநூல் மேலே போகாமல் வளைந்தது. படுத்தது. படிக்கட்டுப் பக்கம் ஓடியது. மேசையிலிருந்த வரைபடத் தாள் நகர்ந்தது. பித்தளைத் தூள் நகர்ந்தது. கதவு தானாக விரியத் திறந்து சுவரில் மோதியது.

சக்கரத்தைப் பிடித்தார். நிற்கவில்லை. கட்டைவிரலின் தோல் உரிந்தது. விட்டார்.

படியேறினார். ஏற வேண்டியிருக்கவில்லை, காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. தெருவின் தூசி. பின்கட்டுச் சோப்பு வாசனை. எல்லாம் அவரைத் தாண்டி மேலே போயின.

அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. ஜன்னல் திரைகள் இரண்டும் விறைத்து அவள் முகத்தை நோக்கி நீண்டிருந்தன. நெஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. இறங்கவில்லை. ஏறியது. இரவிக்கைக் கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. விலா எலும்புகள் தோலுக்கடியில் விரல்களைப் போல விரிந்தன. இன்னும் ஏறியது.

"அம்மா," என்று அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

திறந்த வாயிலிருந்து அவருடைய மூச்சு போனது. அடுத்த மூச்சை இழுத்தார். இழுக்க ஒன்றும் இல்லை. வாயை மூடப் பார்த்தார். மூட முடியவில்லை. முழங்கால் மடங்கிக் கட்டிலோரம் விழுந்தார்.

அவள் கண்கள் மட்டும் அவளுடையவையாகவே இருந்தன. மூச்சிழுப்பை நிறுத்தத் தெரியாமல், அவரையே பார்த்து, அழுதுகொண்டிருந்தன. நெஞ்சு ஏறியது.