மூடி போட்ட கேமரா

மூடியைக் கழற்றாமல் எடுத்த ஃபிலிமில் எதுவும் விழுந்திருக்கக் கூடாது. விழுந்திருந்தது.

"ரோல் முழுக்கக் காலிம்மா. பொம்மைக் கேமராவுல இதுதான் தொல்லை. நாம பார்க்கிற ஓட்டை வேற, படம் பிடிக்கிற லென்ஸ் வேற. மூடி இருக்கிறதே தெரியாது," என்று சிரித்த ஸ்டூடியோக்காரர் ஒரே ஒரு பிரிண்டை அவளிடம் நீட்டினார். "இது மட்டும் எப்படியோ வந்திருக்கு."

வீட்டின் பின்னறை. கட்டிலில் தங்கை தூங்குகிறாள். கூரை மூலையிலிருந்து குனிந்து எடுத்தது போன்ற படம். ஆனால் அக்காக்காரி அந்த ரோலை எடுத்தது வாசலில் நின்று, தெருவைப் பார்த்து. 'மேல யாரோ இருக்காங்கக்கா' என்று தங்கை சில நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அண்ணன் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"டப்பாவுல வெளிச்சம் ஒழுகியிருக்கும்."

"ஒழுகின வெளிச்சம் பாப்பா மூஞ்சியை வரையுமா? அவ என்கூடப் படுத்துக்கட்டும்ணா."

"வந்துட்டாங்க பெரிய போட்டோகிராபர்! நீதான் அவளுக்குப் பயத்தை ஊட்டி விடுறே. அங்கேதான் படுப்பா."

அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அவள் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறியதே இல்லை. நிரூபித்தே தீர்வது என்று புது ரோல் போட்டாள்.

மூடியின் மேல் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றி, கேமராவின் விளிம்பெல்லாம் ஒட்டி, ஈரத்துணி நாற்றமும் குழாய் சொட்டும் சத்தமும் நிறைந்த சமையலறையில் பின்னறைக்கு முதுகைக் காட்டி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். ஃபிலிம் சக்கரத்தைத் திருகினாள். கரக், கரக். பின்னறைக் கூரையிலும் கரக், கரக். எதிரொலி என்று நினைத்து மறுபடி அழுத்தினாள். இந்த முறை அவள் திருகும் முன்பே அங்கே கேட்டது.

கோபத்தில் கடைசிவரை அழுத்தித் தீர்த்தாள்.

மறுநாள் மாலை ஸ்டூடியோக்காரர் சிரிக்கவில்லை. "இந்த டேப்பை நான்தானேம்மா பிரிச்சேன்..." என்று இழுத்தார்.

முதல் படத்தில் கட்டில். அடுத்ததில் கட்டில் இன்னும் பக்கத்தில். அதற்கடுத்ததில் தலையணை. கடைசியில் தங்கையின் முகம் மட்டும். கண்கள் திறந்திருந்தன. வாயும்.

ஓடினாள். வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே ஓடினாள்.

அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பின்னறைக் கதவில் பூட்டு.

"பாப்பா எங்கே?"

"பயம் தெளியட்டும்னு உள்ளே விட்டுப் பூட்டினேன். ஒரே கத்தல். இப்பத்தான் அடங்கினா. பார்த்தியா, சரியாயிடுச்சு."

"சாவியைக் குடுடா!"

அவனை அவள் டா போட்டது அதுதான் முதல் தடவை. அவன் சாவியை நீட்டினான். பிடுங்கினாள். பூட்டு வழுக்கியது. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

திறந்தாள்.

விளக்கு எரிந்தது. கட்டிலில் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

ஃபிலிம் நெகடிவில் தெரிவது போலத் தலைமுடி முழுக்க வெள்ளை. முகம் கரி. கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பு. நடுவில் வெள்ளைப் புள்ளி.

பின்னால் அண்ணன், "பாப்பா..." என்றான்.

தங்கை அவனைப் பார்த்துச் சிரித்தாள். பல் அத்தனையும் கறுப்பு.