பெடலைப் பிடித்திருந்தவள்

அடுப்பை அணைத்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தபோது, சரிவில் நின்ற அந்தப் பெரிய பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏறு."

குரல் அவள் கணவருடையதுதான். ஆனால் வழக்கமாக, "ஏறுங்க, மகாராணி" என்பார்.

"என்னங்க, இன்னைக்கு மகாராணி இல்லையா? பட்டத்தைப் பறிச்சிட்டீங்களா?"

ஏறி உட்கார்ந்தாள், பாவம்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்தது இந்த ஒரு வேலைதான். ஒரு வாரமாகவே பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டிருந்தது. குழாயில் காற்று புகுந்திருந்தது. மேலே இவள் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். கீழே அவர் சக்கரத்தோரம் இருக்கும் திருகாணியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிட்டு இறுக்குவார். "விடு" என்று கீழிருந்து சொல் வரும்வரை காலை எடுக்கவே கூடாது. கல்யாணமான புதிதிலிருந்து பழகிய வேலை. சொல் காதில் விழுந்ததும், அவள் நினைப்பதற்கு முன்பே கால் எழுந்துவிடும்.

"மிதி. பிடி."

"பிடிச்சாச்சு."

அந்தி மங்கிக்கொண்டிருந்தது, பிரேக் ஆயிலின் கசந்த நெடிக்கு அடியில், நெடுநாள் மூடிக்கிடந்த குழியைத் திறந்தாற்போல் ஈரமண் வாசம் எழுந்தது, ஒரே மூச்சில் சீறி அடங்க வேண்டிய காற்று, இன்று உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, யாரோ அயர்ந்து தூங்குவதுபோல் சீறிக்கொண்டே இருந்தது.

பிறகு, கல் இழுபடும் சத்தம்.

கைப்பிரேக் செத்து மாதக்கணக்காகிறது. பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த அந்தக் கல்தான் வண்டியை நிறுத்தி வைத்திருந்தது.

"கல்லை ஏங்க எடுக்கிறீங்க?"

"பிடி."

வண்டி ஒரு விரற்கடை பின்னால் சரிந்து நின்றது. இப்போது அத்தனை பாரமும் அவள் பாதத்தில்.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

சரிவின் அடியிலிருந்து அவள் கணவர் ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் புது ஆயில் பாட்டில். தோளில் மகள்.

அதே கண்ணாடியில், சக்கரத்தோரம், அந்தக் கால்கள். விரல் இடுக்கெல்லாம் ஈரமண்.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஹாரனை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

"வந்துட்டோம், வந்துட்டோம். அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று சிரித்துக்கொண்டே அவர் ஓட ஆரம்பித்தார். நேராக வண்டியை நோக்கி. தோளில் மகள் குலுங்கிக் குலுங்கிக் கையாட்டினாள்.

பெடல் அமுங்கியது. இன்னும் கொஞ்சம். இரண்டு காலாலும் மிதித்தாள். அமுங்கியது.

கீழே சீறல் நின்றது.

"விடு."

உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

கீழிருந்து அதே குரல், இம்முறை கொஞ்சலாக:

"விடுங்க, மகாராணி."

பழகிய கால் எழுந்தது.

கண்ணாடியில் மகளின் சிரிப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது.