நிழல் நேராக நடக்கும் நாள்

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் காலையிலேயே எழுந்து, நார்த்தாமலையில் தன் வீட்டு வாசலில் ஒரு குச்சியை நட்டாள் சுடர்விழி. ஒன்பது மணிக்கு நிழலின் நுனியில் ஒரு கல் வைத்தாள். அப்புறம் மணிக்கு ஒரு கல்.

அன்று செப்டம்பர் இருபத்திரண்டு. பகலும் இரவும் ஒரே அளவாக இருக்கும் சமநாள். அன்றைக்கு நிழலின் நுனி வளையாமல் நேர்கோட்டில் போகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இதை விட்டால் மார்ச் வரை காத்திருக்க வேண்டும்.

குவைத்தில் கொத்தனார் வேலை பார்க்கும் அப்பாவிடமும் போனில் சொல்லியிருந்தாள்.

"அந்தக் காலத்துல கோயில் கட்டுனவங்களே குச்சி நட்டுத்தான் தாயி திசை பார்த்தாங்க. நானும் இங்க ஒண்ணு நடுறேன். ரெண்டு பேரும் போட்டோ அனுப்பிக்குவோம்" என்றார் அப்பா.

அப்பாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. இருவரும் ஒரே நாளில் ஒரே வேலையைச் செய்வதே அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

மூன்று மணிக்கு ஏழாவது கல்லையும் வைத்தாள். ஏழும் பிசகாமல் ஒரே கோடு! அம்மாவிடம் போன் வாங்க உள்ளே ஓடினாள். திரும்பி வந்தால் இந்தக் கோடியில் ஒரு கல், அந்தக் கோடியில் ஒரு கல். நடுவில் இருந்த ஐந்தையும் காணோம்.

"டேய் கார்முகில்!"

ஐந்து வயதுத் தம்பி வேப்பமரத்தடியிலிருந்து எட்டிப் பார்த்தான். கையெல்லாம் மஞ்சள், மூக்கிலும் மஞ்சள். அவன் முன்னால் அந்த ஐந்து கற்களும் மஞ்சள் பூசிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"கத்தாதக்கா. சாமி இருக்கு."

"அது என் கல்லுடா! எடுத்துக் குடு."

"அப்பா சீக்கிரம் வரணும்னு வேண்டியிருக்கேன். எடுத்தா சாமி கோவிச்சுக்கும்."

சுடர்விழிக்கு அழுகை முட்டியது. கோபமாகவும் இருந்தது, தம்பியைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. அந்தச் சாமியை அவள் எப்படி எடுப்பாள்?

மிச்சமிருந்த இரண்டு கற்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா ஊரில் சுவர் கட்டும்போது இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டுவார். நடுவில் வரும் செங்கல் எல்லாம் அந்த நூலை ஒட்டியே போகும்.

"நேர்கோடுதானே! ரெண்டு முனை இருந்தாப் போதுமே!"

பூக்கட்டும் நூலை எடுத்து வந்தாள். "நீ அங்கிட்டுப் பிடி. தொய்ய விடக் கூடாது."

கார்முகில் மஞ்சள் கையால் ஒரு முனையை இழுத்துப் பிடித்தான். அம்மா போட்டோ எடுத்து அனுப்பினார்.

சாயங்காலம் அப்பாவின் போட்டோ வந்தது. மணலில் ஒரு குச்சி. இரண்டே கற்கள். நடுவில் அப்பாவின் நூல்.

பின்னாலேயே அப்பாவும் கூப்பிட்டார். "வேலைக்கு நடுவுல ரெண்டு தடவைதான் தாயி வெளிய வர முடிஞ்சுச்சு. அதான் நூலைப் பிடிச்சிட்டேன்."

"நாங்களும் அதேதான்ப்பா!" சுடர்விழி துள்ளினாள்.

"ஒங்க போட்டோவுல மரத்தடியில மஞ்சளா என்னது?"

"நீங்க வர்றதுக்குச் சாமி!" என்று கத்தினான் கார்முகில்.

அப்பா சிரித்தார்.

"மார்ச் மாசத்துக்கு லீவு கேட்டிருந்தேன். இன்னைக்குத்தான் சரின்னாங்க. அடுத்த சமநாளுக்கு நமக்கு ஒரே குச்சி போதும்."

கார்முகில் சாமிக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள் எடுத்துவர அடுக்களைக்கு ஓடினான்.